ஒன்றே முக்கால் அவுன்ஸ்

வெண்டல் குரோக் தன் மனைவியைப் பதினோரு நாளில் தேர்ந்தெடுத்தவர். வீட்டைப் பார்த்த அன்றைக்கே முன்பணம் கொடுத்தார். ஒரு கத்தியைத் தேர்ந்தெடுக்க மட்டும் அவருக்கு நாலு மாதம் பிடித்தது.

எல்க் வேட்டைக்கான கத்தி. எல்க் என்பது குதிரை உயரத்துக்கு நிற்கும் மான். விழுந்த இடத்திலேயே தோலை உரித்து, நாலு காலையும் பிரித்து, முதுகெலும்பின் இரண்டு பக்கமும் ஓடும் நீளக் கறியை உருவி, எல்லாவற்றையும் மூட்டை கட்டி மனிதன்தான் சுமந்து இறக்க வேண்டும். மடக்குக் கத்தியின் கீலுக்குள் கொழுப்பும் மயிரும் புகுந்துகொள்ளும், ஆகவே மடங்காத கத்தி வேண்டும். ஏழு மைல் மலையேறிப் போவதால் கனமில்லாத கத்தி வேண்டும். விஷயம் இவ்வளவுதான். இதைச் சொல்ல வெண்டலுக்கு முக்கால் மணி நேரம் தேவைப்பட்டது. சனிக்கிழமை தோறும் லானியின் வேட்டைச் சாமான் கடையில், காப்பிக் குடுவைக்குப் பக்கத்தில் நின்று அதைச் சொல்வார். எஃகின் வகை, அதன் கடினம், விளிம்பின் கோணம் என்று போகும். தோட்டா வாங்க வந்தவர்கள் தோட்டா வாங்காமலே திரும்பியதும் உண்டு.

கணினியில் அட்டவணை ஒன்று வைத்திருந்தார். முப்பத்தொரு கத்திகள், ஒவ்வொன்றுக்கும் பதினாலு கட்டங்கள். வேட்டைக்காரர்களின் இணையக் குழுவில் அவர் பெயர் 'உச்சிமலை வெண்டல்'. நாலாயிரத்துச் சொச்சம் பதிவுகள். யாராவது ஓர் அப்பாவி வந்து எந்தக் கத்தி நல்லது என்று கேட்டால், முதலில் கேள்வியை ஒழுங்காகக் கேட்கக் கற்றுக்கொள்ளுங்கள் என்று தொடங்குவார்.

சமையலறையில் மாவு நிறுக்கிற தராசு அந்த வருடம் மாவைக் கண்டதில்லை. பல் துலக்கும் பிரஷ்ஷின் பிடியைப் பாதியாக அறுத்து நிறுத்தார். கரண்டிக் காம்பில் ஓட்டை போட்டு நிறுத்தார். சட்டைக் கழுத்தில் தைத்திருந்த கம்பெனித் துணிச்சீட்டைப் பிரித்தெடுத்து, அது தராசு முள்ளை அசைக்காதது கண்டு கொஞ்சம் வருத்தப்பட்டார். அவருடைய இடுப்பைச் சுற்றி நாற்பது பவுண்டு உபரியாக இருந்தது. அதற்கு அட்டவணையில் கட்டம் இல்லை.

இத்தனைக்கும் காரணம் ஜூன் மாதம் வந்த ஒரு கடிதம். கறுப்புப் பள்ளம் என்ற மலைப் பகுதியில் பெரிய ஆண் எல்க் ஒன்றைச் சுட மொன்டானா மாநில அரசாங்கம் குலுக்கல் முறையில்தான் அனுமதி கொடுக்கும். தோற்றவர்களுக்கு வருடத்துக்கு ஒரு ஆறுதல் புள்ளி. வெண்டலிடம் பத்தொன்பது ஆறுதல்கள் சேர்ந்திருந்தன. இருபதாவது வருடம் பெயர் விழுந்தது.

விழுந்த வருடம்தான் சரியில்லை. அந்த மார்ச் மாதம் அவர் மனைவி ஆர்லிஸ், துணி மடித்துக்கொண்டிருந்தவள், மடித்த துண்டின் மேலேயே சாய்ந்தாள். பக்கவாதம். வலது கை போயிற்று, வலது கால் பாதி போயிற்று, பேச்சில் பத்துப் பதினைந்து சொற்கள் மிஞ்சின. எல்லாவற்றையும்விடப் பெரிய கவலை, அவள் சாப்பிடுவதை நிறுத்தியிருந்தாள். விழுங்க முடியும் என்றுதான் சோதனைகள் சொல்லின. அவளுக்கு வேண்டியிருக்கவில்லை. கூழையும் ரசத்தையும் இரண்டு கரண்டிக்கு மேல் வாங்கமாட்டாள். உடம்பு உருகிக்கொண்டே வந்தது. விழுங்கும் பயிற்சி கொடுக்க வாரம் ஒருமுறை வீட்டுக்கு வரும் பெண் வெண்டலைத் தனியாகக் கூப்பிட்டு, அவளுக்குப் பிடித்தது எதுவானாலும் கொண்டு வாருங்கள், நவம்பர் கடைசிக்குள் எடை ஏறாவிட்டால் வயிற்றில் குழாய் போடுவதைத் தவிர வேறு வழியில்லை என்றாள்.

கடிதத்தை வெண்டல் படித்துக் காட்டியபோது ஆர்லிஸ் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு வாயைக் கோணி, ஒரு நிமிடம் போராடி, "முதுகுக் கறி" என்றாள்.

அதற்கு மேல் விளக்கம் தேவையிருக்கவில்லை. இருபத்தாறு வருடம் இருவரும் சேர்ந்துதான் வேட்டைக்குப் போனார்கள். பெரிய ஆண் கிடைக்காவிட்டாலும் கீழ்மலையில் பெட்டை எல்க்குக்கு அனுமதி சுலபம். கறி வீடு வந்து சேரும் முதல் சாயங்காலம், இரும்பு வாணலியில் வெண்ணெய் போட்டு, வெங்காயம் போட்டு, முதுகுக் கறியை விரற்கடை கனத்துக்கு வெட்டி இரண்டு பக்கமும் ஒரு தடவை காட்டி எடுத்து, தட்டுக்குக்கூடக் காத்திராமல் அடுப்படியில் நின்றபடியே இருவரும் தின்பார்கள். மார்ச்சுக்குப் பிறகு அவள் தானாகக் கேட்ட ஒரே உணவு அதுதான்.

"கொண்டு வரேன்டி. என் தலைய அடகு வச்சாவது கொண்டு வரேன்" என்றார் வெண்டல். அன்றிரவே அட்டவணையைத் தொடங்கினார்.

அந்த இருபத்தாறு வருடத்தில் கத்தி யார் கையில் இருந்தது என்பதைப் பற்றி அட்டவணையில் ஒன்றும் இல்லை. ஆர்லிஸின் அப்பா கறிக்கடைக்காரர். ஏழு வயதிலிருந்து எலும்புக்குப் பக்கத்தில் வளர்ந்தவள் அவள். எல்க் விழுந்ததும் சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு உட்கார்ந்தால் ஒன்றரை மணி நேரத்தில் நாலு காலும் துணிப்பைக்குள் இருக்கும். வெண்டலின் வேலை, வெட்டுவதற்கு வாகாகக் காலைத் தூக்கிப் பிடித்துக்கொள்வது. பிடித்துக்கொண்டே அவளுக்கு அறிவுரை சொல்வார். அவள் "ம்" என்பாள். ஊருக்குள் வந்ததும், நாங்கள் வெட்டினோம் என்று சொல்வார். இரண்டு மூன்று வருடத்தில் அது நான் வெட்டினேன் என்று ஆயிற்று. பொய் சொல்கிறோம் என்ற உணர்வே அவருக்கு இருந்ததில்லை. காலைப் பிடித்தவருக்கும் தோள் வலிக்கத்தானே செய்தது.

செப்டம்பரில் ஒரு நாள் ஆர்லிஸ் இடது கையால் மேசை இழுப்பறையைத் திறந்து தன் கத்தியை எடுத்து அவர் பக்கம் தள்ளினாள். அப்பா விட்டுப் போன கத்தி. கொம்புப் பிடி. பிடியைச் சுற்றிக் கண்ணைக் குத்துகிற ஆரஞ்சு நிறத்தில் நாடா. வருடா வருடம் அவளே புதிதாகச் சுற்றுவாள். வெண்டல் அதைத் தராசில் வைத்தார்.

"எட்டரை அவுன்ஸ்" என்றார், நோயாளியிடம் கெட்ட செய்தி சொல்லும் டாக்டரைப் போல. "ஆர்லிஸ், இது அஞ்சு கத்தி எடை."

அவள் மறுபடியும் தள்ளினாள். அவர் அதை எடுத்து இழுப்பறையில் வைத்து மூடிவிட்டு, எஃகைப் பற்றிக் கொஞ்சம் சொன்னார். அவளிடம் மிஞ்சிய சொற்களில் இதற்குப் பொருத்தமானது இல்லை போலிருக்கிறது. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

கடைசியில் முப்பத்தொன்றில் ஒன்று தேறியது. பிடி என்று தனியாக எதுவும் கிடையாது. ஒரே தகடு, பிடியிருக்க வேண்டிய இடத்தில் எடை குறைக்க மூன்று ஓட்டைகள். நிறம் சாம்பல். எடை ஒன்றே முக்கால் அவுன்ஸ், ஐம்பது கிராம்கூட இல்லை. லானி அதைக் கண்ணாடிப் பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுத்துவிட்டு, இதிலேயே ஆரஞ்சுப் பிடி போட்டதும் இருக்கிறது, அரை அவுன்ஸ்தான் கூட என்றான்.

"அரை அவுன்ஸ்தானா?" என்று திருப்பிக் கேட்டார் வெண்டல். காப்பிக் குடுவையருகே நின்ற இருவர் நழுவ வழி பார்த்தார்கள்.

"கீழ போட்டா தெரியணும்ல அண்ணே."

"கீழ போடறவனுக்கு எதுக்குடா கத்தி?"

"அதுவும் சரிதான். போற அன்னிக்கு காலையில கக்கூஸ் நல்லாப் போயிட்டுப் போங்க. அரை அவுன்ஸ் என்ன, அரைப் பவுண்டே மிச்சமாகும்" என்றான் லானி. குடுவையருகே சிரிப்பு எழுந்தது. வெண்டல் சாம்பல் நிறக் கத்தியை வாங்கிக்கொண்டு வெளியேறினார்.

ஆர்லிஸின் தம்பி கோர்டி கோவேறு கழுதைகள் வைத்திருப்பவன். முட்டி தேய்ந்த பிறகு சுடுவதை விட்டுவிட்டு, மற்றவர்கள் சுட்டதைச் சுமந்து இறக்குவதைத் தொழிலாகச் செய்துகொண்டிருந்தான். தானும் வருகிறேன், இரண்டு கழுதை கொண்டு வருகிறேன் என்றான். வெண்டல் மறுத்தார். இருபது வருடம் காத்திருந்து கிடைத்த மலையில் கழுதைச் சாணம் விழுவதை அவர் விரும்பவில்லை. தவிர, கோர்டி தேவையில்லாத கேள்வி ஒன்று கேட்டுவிட்டான்.

"மச்சான், கோவிச்சுக்காதீங்க. வெட்டத் தெரியுமா உங்களுக்கு?"

வெண்டல் கோபித்துக்கொள்ளவில்லை. பக்கத்து வீட்டுப் பெண்மணியை ஆர்லிஸுக்குத் துணையாக ஏற்பாடு செய்துவிட்டு, அக்டோபர் கடைசி வாரத்தில் தனியாகப் போனார்.

மூன்று நாள் அலைந்தார். நாலாம் நாள் காலை எட்டே முக்காலுக்கு, கறுப்புப் பள்ளத்தின் மேற்குச் சரிவில், அந்த எல்க் மரங்களுக்கிடையிலிருந்து வெளியே வந்து நின்றது. ஒவ்வொரு கொம்பிலும் ஆறு கிளை. வெண்டலுக்குச் சுடத் தெரியும். அதில் யாரும் குறை சொல்ல முடியாது. ஒரே குண்டு. எல்க் நாலு அடி நடந்து, ஏதோ மறந்துபோனது போல நின்று, விழுந்தது.

முதல் முப்பது நிமிடம் புகைப்படம் எடுத்தார். இணையக் குழுவுக்கு எழுத வேண்டிய முதல் வாக்கியம்கூட மனசில் வந்துவிட்டது. பிறகு சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு, அவள் உட்காருகிற மாதிரியே உட்கார்ந்தார். எங்கே ஆரம்பிப்பது என்று தெரியவில்லை.

இருபத்தாறு தடவை பார்த்திருக்கிறார். ஆனால் கால் பக்கமிருந்து பார்த்திருக்கிறார். அங்கிருந்து பார்த்தால் அவள் குனிந்த தலையும் தோளும்தான் தெரியும். பின்தொடையில் கத்தியை வைத்து வெளியிலிருந்து உள்ளே அழுத்தி இழுத்தார். மயிர் அறுந்து கொத்துக் கொத்தாகக் கறியில் ஒட்டிக்கொண்டது. அவள் தோலுக்கு அடியில் முனையை நுழைத்து உள்ளிருந்து வெளியே அறுப்பாள், ஒரு மயிர் கறியில் படாது என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. ஒரு சாண் நீளம் அறுத்திருப்பார். அதற்கு மேல் போக வேண்டுமானால் காலைத் தூக்க வேண்டும். பிடிக்க ஆள் இல்லை. காலை மரத்தோடு இழுத்துக் கட்டக் கயிறு இருந்தால் போதும்தான். கயிறு நாலு அவுன்ஸ். ஏழு மைல் கீழே நின்ற வண்டியிலேயே இருந்தது.

கத்தியைப் பக்கத்துக் கல்லின் மேல் வைத்தார். இரண்டு கையாலும் காலைப் பிடித்து, தோளைக் கொடுத்துத் தூக்கினார். எழுநூறு பவுண்டு உடம்பு முதலில் அசையவில்லை, பிறகு அவர் எதிர்பார்த்ததைவிட அதிகமாக அசைந்தது. சரிவில் புரண்டு, கல்லும் பொடிப்பனியும் சேர்ந்து உருள, பதினைந்து அடி கீழே, சாய்ந்து கிடந்த இரண்டு மரங்களுக்கு நடுவே வயிறு அடியில் போய் ஆப்பு வைத்தது போல மாட்டிக்கொண்டது.

வெண்டல் திரும்பிப் பார்த்தார். கல்லைக் காணோம். கத்தியையும் காணோம்.

சரிவு முழுக்கக் கல். எல்லாக் கல்லும் சாம்பல் நிறம். கண்ணுக்கு உறுத்தாத நிறம் என்று அவர் அட்டவணையில் அந்தக் கத்திக்குத் தனி மதிப்பெண் கொடுத்திருந்தார்.

கையும் காலும் ஊன்றித் தவழ்ந்து தேடினார். ஒவ்வொரு கல்லாகப் புரட்டினார். பத்து மணி ஆயிற்று, பதினொன்று ஆயிற்று. எல்க்கைப் புரட்டப் பார்த்தார். அது மலையின் ஒரு பகுதி மாதிரி இருந்தது. மாற்றுக் கத்தி இல்லை. கத்தியும் குறடும் ஒன்றாக மடங்கும் பல வேலைக் கருவியை ஏழு அவுன்ஸ் என்று எடுத்து வெளியே வைத்திருந்தார். கோர்டியைக் கூப்பிடலாம் என்றால் செயற்கைக்கோள் கருவி மூன்றரை அவுன்ஸ், அதுவும் வண்டியில். கூர்மையான கல்லொன்றைக் கொண்டு, அறுத்த சாண் நீளத்தை அகலமாக்கப் பார்த்தார். மீன் டப்பாவின் மூடியால் பார்த்தார். டப்பா மூடி அவர் உள்ளங்கையைத்தான் அறுத்தது. எல்க் தோலை ஒன்றும் செய்யவில்லை.

பனி விழுகிறதே, கெடாது என்று வெளியூர்க்காரன் நினைப்பான். வெண்டலுக்குத் தெரியும், இதைப் பற்றியே அறுபது பதிவு எழுதியிருக்கிறார். எல்க்கின் தோல் கம்பளி மாதிரி. அதைக் கழற்றிக் கறியில் காற்றுப் படவிடாவிட்டால், வெளியே உறைபனி கொட்டினாலும் உள்ளே உடம்புச் சூடு போகாது. தொடையெலும்பிலிருந்து கெட ஆரம்பிக்கும். ஒரு இரவு போதும். கையை அதன் விலாவில் வைத்துப் பார்த்தார். அடுப்பின் மேல் வைத்தது போல வெதுவெதுப்பாக இருந்தது.

இரண்டு மணி வரை தேடினார். பிறகு அந்தச் சூட்டை அங்கேயே விட்டுவிட்டு ஏழு மைல் நடந்தார். முதுகுப் பை பிரமாதமாக லேசாக இருந்தது.

வண்டியை எடுத்து, சிக்னல் கிடைக்கும் மேட்டுக்கு வந்து கோர்டியைக் கூப்பிட்டபோது இருட்டிவிட்டது. இருட்டில் அந்தச் சரிவில் கழுதை ஏறாது, விடிவதற்கு முன்னால் கிளம்பலாம் என்று மட்டும் சொன்னான்.

மறுநாள் அவர்கள் போய்ச் சேர்ந்தபோது பதினொரு மணி. எல்க்கின் வயிறு பீப்பாய் மாதிரி உப்பியிருந்தது. கோர்டி கயிற்றைக் கட்டி, இரண்டு கழுதையையும் கொண்டு அதைப் புரட்டினான். அடியில், அழுத்திய பனியில் வார்ப்பு எடுத்தது போல, கத்தி கிடந்தது. ஒரு கீறல் இல்லை.

கோர்டி அதை எடுத்து உள்ளங்கையில் வைத்து மேலும் கீழும் அசைத்தான்.

"இதானா மச்சான் அது?"

வெண்டல் தலையாட்டினார்.

"லேசாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டு, அதைத் துடைத்து வெண்டலின் சட்டைப் பையில் போட்டான்.

பிறகு தன் கத்தியை உருவினான். தொடையில் எலும்பு வரை ஒரே கீறல். குனிந்து மோந்து பார்த்தான். நிமிர்ந்து மறு தொடைக்குப் போனான். அங்கேயும் மோந்து பார்த்தான். முன்கால்களிலும் அதே கதைதான்.

"முதுகு?" என்றார் வெண்டல்.

கோர்டி முதுகைத் திறந்து ஒரு துண்டை அறுத்து எடுத்தான். தான் மோந்து பார்க்காமலே அவரிடம் நீட்டினான். வெண்டல் வாங்கி மூக்கருகே கொண்டுபோனார். திரிந்த பாலின் வாடைக்கு அடியில் வேறொன்று இருந்தது. இன்னொரு தடவை மோந்து பார்த்தார். வாடை மாறவில்லை.

"வெண்ணெய்ல போட்டு நல்லா வறுத்தா..." என்று ஆரம்பித்தார்.

"அக்காவுக்கா?" என்றான் கோர்டி.

கழுதைகளின் சேணத்தை இறுக்கும்போது கோர்டி, யாரிடமோ சொல்வது போலச் சொன்னான்: "எங்கக்காவா இருந்தா நேத்தே ரெண்டு தடவ எறக்கிட்டு வந்திருப்பா."

கறியை விட்டுவிட்டுக் கொம்பை மட்டும் எடுத்துவரக் கூடாது என்பது அந்த ஊர்ச் சட்டம். இருபது வருடக் கொம்பு மலையிலேயே நின்றது. கீழே வந்ததும் கோர்டி வனத்துறைக்குத் தகவல் சொன்னான். வந்த அதிகாரி, கோர்டி எடுத்து வந்திருந்த, வெண்டலின் சாணளவு அறுப்பின் படத்தைப் பார்த்து, பிறகு வெண்டலைப் பார்த்து, அபராதம் எழுதாமலே போய்விட்டார். எழுதியிருக்கலாம் என்று வெண்டலுக்கு இருந்தது.

ஊரில் அந்த வாரம் எத்தனையோ வீட்டில் எல்க் கறி இருந்தது. கேட்டால் யாரும் கொடுத்திருப்பார்கள். லானி ஒரு காலையே கொடுத்திருப்பான். கேட்கத்தான் வேண்டும், கேட்டால் எதற்கு என்று கேட்பார்கள். வெண்டல் லானி கடையைத் தாண்டி, இரண்டு தெரு தள்ளியிருந்த மளிகைக் கடைக்குப் போனார். பிளாஸ்டிக் தட்டில் ஒட்டி வைத்திருந்த மாட்டுக்கறியில் கொழுப்பில்லாத துண்டாகப் பார்த்து வாங்கினார். ரசீதையும் தட்டையும் கடை வாசல் குப்பைத்தொட்டியில் போட்டு, கறியைத் தன் வேட்டைத் துணிப்பைக்கு மாற்றினார். அவர் வாழ்க்கையில் கச்சிதமாகச் செய்த வேலை அது.

கோர்டி வீட்டுக்குள் வரவில்லை.

ஆர்லிஸ் சமையலறை ஜன்னலோரம் சக்கர நாற்காலியில் இருந்தாள். பக்கத்து வீட்டுப் பெண்மணி அவள் தலையைச் சீவிவிட்டிருந்தாள். துணிப்பையைப் பார்த்ததும் ஆர்லிஸின் வாயின் இடது பாதி சிரித்தது.

"கொண்டு வந்துட்டேன்" என்றார் வெண்டல்.

இரும்பு வாணலியை வைத்தார். வெண்ணெய், வெங்காயம், உப்பு, மிளகு. இரண்டு பக்கமும் ஒரு தடவை காட்டி எடுத்தார். முதல் முறையாகத் தட்டில் வைத்து, அவள் எதிரே உட்கார்ந்து, சாப்பாட்டு மேசைக் கத்தியால் சின்னச் சின்னதாக அறுக்க ஆரம்பித்தார். துண்டு நாராக இழுத்தது. ஆர்லிஸ் இடது கையை நீட்டித் தட்டை ஒரு கால் வட்டம் திருப்பினாள். நாருக்குக் குறுக்கே கத்தி இறங்கியதும் வெண்ணெய் மாதிரி அறுந்தது. அறுபது வயதை நெருங்குகிறவர், இதையும் இன்றைக்குத்தான் தெரிந்துகொண்டார்.

ஒரு துண்டை முள்கரண்டியில் குத்தி அவள் வாயருகே கொண்டுபோனார். வாங்கிக்கொண்டாள். மெல்ல மென்றாள். கண்ணை மூடிக்கொண்டு மென்றாள். மெல்லும் வேகம் குறைந்துகொண்டே வந்து ஓரிடத்தில் நின்றது. கண்ணைத் திறந்து அவரைப் பார்த்தாள். அவர் கையில் சுற்றியிருந்த கட்டைப் பார்த்தாள். மேசை இழுப்பறையைப் பார்த்தாள்.

வாயிலிருந்ததை விழுங்கினாள். இந்த ஏழு மாதத்தில் இத்தனை தெளிவாக அவள் எதையும் சொன்னதில்லை.

"மாடு" என்றாள்.

வெண்டலிடம் விளக்கம் இருந்தது. சரிவு, கல், பனி, நிறம். இன்னொரு துண்டைக் குத்தி நீட்டினார். அவளிடம் கோபம் இல்லை. நாளெல்லாம் நடந்து வந்தவள் போல அலுத்திருந்தாள். உதட்டை மூடிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினாள்.

முள்கரண்டியை நீட்டியபடியே அவர் உட்கார்ந்திருந்தார். "ஒண்ணே ஒண்ணு" என்றார். வெண்ணெய் ஆறி வெள்ளையாகப் படியத் தொடங்கியது. சட்டைப் பையில் கத்தி இருந்தது. அது அங்கே இருப்பதே தெரியவில்லை. முள்கரண்டிதான் கனத்தது. ஆனாலும் அவர் அதைக் கீழே வைக்கவில்லை. அவள் திரும்பவில்லை.